ஆறாம் குழியில் அசைந்த பந்து

மச்சான்,

நேற்றுக் காலை லயத்து வீடுகளுக்குப் பின்னால் வடிகால் கான் அடைத்துக்கொண்டு, மழைத் தண்ணீர் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாரினேன். மூன்றாவது வெட்டில் ணங்கென்று கேட்டது. கல் என்றுதான் நினைத்தேன். எடுத்துக் கழுவினால் பந்து. ரப்பர் பந்து வருவதற்கு முந்திய பழைய கெட்டிப் பந்து. ஒரு பக்கம் வெடித்து, நிறம் செத்துப்போய், கொட்டைப்பாக்கு மாதிரி இருந்தது. அதன்மேல் ஆணியால் கீறின ஒரு சின்னப் பிறை. அது உன் அடையாளம்.

மருமகள் பார்த்துவிட்டு, இது என்ன கருமம் மாமா என்றாள். நான் பந்தோடு உள்ளே போனேன். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் அதைப் போட்டேன். குளிக்க வைத்த தண்ணீர் என்று அவள் கத்தினது பாதியில் எனக்குக் கேட்காமல் போய்விட்டது. அந்த வாசனை வந்துவிட்டது. பிசின் உருகுவது போலவும் தோல் கருகுவது போலவும் ஒரு வாசனை. துரைமார் வீசிவிட்டுப் போன பந்துகளைப் பொறுக்கி, தகர டப்பாவில் வேகவைத்து, கை பொசுங்கப் பொசுங்க உள்ளங்கையில் உருட்டி நாம் வட்டமாக்கின வாசனை. உன் சாவு வீட்டில் நின்றபோதுகூட வராத கோபம் அந்த அடுப்பு முன்னால் எனக்கு வந்தது. அதனால்தான் இந்த மடல்.

நான் கைநாட்டு என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பசறைக் கடை முதலாளியின் மருமகன். நல்ல மனுஷர். செத்துப் போனவருக்கா மடல் என்று ஒரு முறை கேட்டார், பிறகு கேட்கவில்லை. மேலே யார் பெயர் போடுவது என்றார். பெயர் வேண்டாம் என்றேன். உன் பிள்ளைகள் இதே தோட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடைசி பதினாலு வருடமாக உன்னை நான் 'நீங்க' என்றேன். கங்காணியாருக்கு வேறு எப்படிச் சொல்வது? ஆனால் இந்தத் தாளில் உனக்குத் தலைப்பாகையும் கிடையாது, கோட்டும் கிடையாது. அதனால் பழையபடி நீ என்றே பேசுகிறேன்.

நம் தோட்டத்துப் பத்தனைப் புல்வெளியில் துரைமார் ஏழு குழி வெட்டி அந்தக் கோல்ப் விளையாட்டைத் தொடங்கினபோது நமக்கு மீசை நன்றாக முளைத்துக் கல்யாணமும் ஆகிவிட்டது. புல் வெட்டப் போன ஐந்து பேரையே பை தூக்கவும் வைத்தார்கள். நீ, நான், குட்டை வீரமலை, செத்துப் போன இருளாண்டி, அவன் தம்பி. நீ எப்போதும் நம் பெரிய துரைக்கு. நான் விருந்தாளியாக வருகிற துரைமாருக்கு. வீரமலைக்குக் கொடி. பந்து கிட்டே வந்ததும் குழியிலிருந்து கொடிக்கம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டியது அவன் வேலை. ஆள் குட்டை, கம்பு நெட்டை. கம்புதான் வீரமலையைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று நீ சொல்வாய்.

துரைமார் விளையாடிவிட்டுப் போன பிறகு அவர்கள் பங்களா விறாந்தையில் உட்கார்ந்து அன்றைய ஆட்டத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அங்கே அப்படி அடித்தேன், இங்கே காற்று கெடுத்தது என்று. பையைத் துடைத்து வைக்கப் போகும்போது நாமும் கேட்போம். வார்த்தை புரியாது, கை ஆடுவதை வைத்து எந்தக் குழி என்று கண்டுபிடிப்போம். ஒரு நாள் நீதான் சொன்னாய்: "அவங்க மட்டுந்தான் சொல்லிக்குவாங்களா? வாங்கடா, நம்மளும் சொல்லுவோம்."

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லயத்துக்கு மேலே சவுக்கு மரத்தடியில் 'ஆட்டம் சொல்லுகிறது' தொடங்கியது. நமக்கென்று ஒரு மேட்டில் மூன்று குழி தோண்டி, பால் டின்னைப் புதைத்து வைத்திருந்தோம். கோப்பி செத்துப்போன காலத்தில் பிடுங்கிப் போட்ட கோப்பிக் கட்டைகளில் வேரோடு வளைந்தவையாகப் பார்த்துச் செதுக்கி எடுத்தவைதான் நம் கோல்கள். காலையில் விளையாடுவோம். மத்தியானம் சொல்லுவோம். சொல்லுகிறதுதான் விளையாட்டைவிட ருசி.

அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தோம். நம் ஐந்து பேரில் ஒருவருக்கும் எழுத்து கிடையாது. துரைமாருக்குக் கணக்கெழுத அட்டை இருந்தது, பென்சில் இருந்தது. நமக்கு வாய்தான். ஆகையால் ஆட்டம் சொல்லுகிறவன் ஒரு அடியைக்கூட விடக்கூடாது. புதருக்குள் போனதையும் சொல்ல வேண்டும், காற்றில் வீசிப் பந்தில் படாமல் போனதையும் சொல்ல வேண்டும். கோலைப் பந்துக்குப் பின்னால் வைத்த பிறகு பந்து ஒரு விரற்கடை அசைந்தாலும் அது ஒரு அடி. "அசைஞ்சா ஒண்ணு" என்று நீயே தீர்ப்புச் சொன்னாய். துரைமாரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், நான் பெரிய துரை வாயாலேயே கேட்டேன் என்றும் சொன்னாய்.

எண்ணிக்கை என் பொறுப்பு. யார் எந்த ஞாயிறு எத்தனை என்று கேட்டால் சொல்லுவேன். போன தை மாதத்தில் இரண்டாம் குழியில் இருளாண்டி எத்தனை என்று கேட்டாலும் சொல்லுவேன். இதில் எனக்குப் பெருமையில்லை, அது தானாகவே உள்ளே கிடந்தது. தோட்டத்தில் வேறு சங்கதிகளுக்கும் என்னைக் கேட்க வருவார்கள். யார் எந்த வருஷம் கரையேறி வந்தார்கள், எந்தப் பிள்ளை எந்த மழைக்குப் பிறந்தது, மண் சரிவதற்கு முன்னால் பாதை எந்தப் பக்கம் போனது. நான் சொன்னால் அதோடு சண்டை முடியும். எனக்கென்று நிலம் கிடையாது, மாடு கிடையாது. அந்த ஒன்றுதான் இருந்தது.

குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டின புல்தரையைப் பச்சை என்போம். அதன்மேல் பந்தை உருட்டுவதில்தான் நமக்குள் ஓயாத சண்டை. வீரமலை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பட்டென்று தட்டுவான். பந்து குழியைத் தாண்டி ஓடும். "குழிக்கு என்னயக் கண்டாலே பயம், ஒதுங்கிக்கிருது" என்பான். நீ இடது கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு வலது கையால் மட்டும் தள்ளுவாய். குழியைப் பார்க்கவே மாட்டாய். குழிக்கு ஒரு சாண் முன்னால் இருக்கிற புல்லைப் பார்ப்பாய். "பந்த அடிக்காத, அனுப்பி வை" என்பாய். எனக்கு வேறு வழி. செருப்பில்லாத காலால் பச்சையை ஒரு சுற்று சுற்றி வருவேன். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற இடம் பாதத்துக்குச் சமமாக இருக்காது. நம் பத்தனையில் எந்தப் பச்சையிலும் பந்து நமுனுகுல மலையை விட்டு விலகித்தான் போகும். மலை தள்ளுகிறது என்று நான் சொன்னபோது நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். பிறகு நீ ஒருத்தன் மட்டும் தனியாகப் போய் ஆறு தடவை உருட்டிப் பார்த்துவிட்டு வந்து என் தோளில் கை வைத்தாய். "மெய்தான் மச்சான். இத வெளிய சொல்லாத." அந்தக் கையை இன்றைக்கும் நினைக்கிறேன். நினைக்கக் கூடாது என்று நினைத்தாலும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

காற்றுக் காலம். பத்தனைப் புல் காய்ந்து செம்பட்டையாகக் கிடந்தது. பதுளையிலிருந்து ஒரு துரை வந்திருந்தார், அரசாங்கக் கச்சேரியில் பெரிய உத்தியோகம். அவருக்கும் நம் பெரிய துரைக்கும் அந்த வருஷத்துக் கிண்ணத்துக்குக் கடைசி ஆட்டம். மற்றத் தோட்டத்துத் துரைமாரும் நாற்காலி போட்டுக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார்கள். பதுளைத் துரைக்கு என்னைப் பிடிக்கும். அவர் அட்டை எடுத்து வர மாட்டார். என்னைக் காட்டி இதுதான் என் அட்டை என்று மற்றவர்களிடம் சொல்லுவார்.

ஆறாம் குழி. அது சுற்றிலும் இறக்கம் உள்ள பச்சை. கொட்டகை தூரத்தில் இருந்தது, அங்கிருந்து பார்த்தால் ஆள்தான் தெரியும், பந்து தெரியாது. பெரிய துரை மூன்றாம் அடியில் பச்சைக்கு வந்துவிட்டார். பதுளைத் துரை தன் பந்தை முடித்துவிட்டு, தொப்பி பறக்காமல் பிடித்துக்கொண்டு பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பி நின்றார். வீரமலை கொடியோடு ஓரத்தில். நீ உன் துரைக்குப் பக்கத்தில், நான் எதிரில். பெரிய துரை உருட்டுக் கோலைப் பந்துக்குப் பின்னால் வைத்தார். கோல் பந்தில் பட்டது. பந்து ஒரு விரற்கடை உருண்டு நின்றது. துரை தலையைத் தூக்கி ஒரு சுற்றுப் பார்த்தார். கோல் நுனியால் பந்தைப் பழைய இடத்துக்கு இழுத்து வைத்தார். பிறகு உருட்டினார், தவறியது. மறுபடி உருட்டினார், விழுந்தது.

பந்து அசைந்ததும் நீ என்னைப் பார்த்தாய். நானும் உன்னைப் பார்த்தேன். அதை நீ மறந்திருக்க முடியாது.

ஏழாம் குழியும் முடிந்து கொட்டகைக்கு வந்தோம். பெரிய துரை தன் கணக்கு முப்பத்தைந்து என்றார். பதுளைத் துரை தனக்கு முப்பத்தாறு என்று சிரித்துக்கொண்டே கை நீட்டப் போனார். போனவர் விளையாட்டாக என் பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்த தமிழில், "நீ சொல்லு. பெரிய தொரை எத்தனை?" என்றார்.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நான் இன்றைக்கு வேறு மனுஷன். நான் யார் முன்னால் நிற்கிறேன் என்பதே எனக்குத் தோன்றவில்லை. சவுக்கு மரத்தடியில் நிற்கிற நினைப்பு. எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று நீ சொன்ன நினைப்பு. ஞாயிற்றுக்கிழமை சொல்லுகிற மாதிரியே குழி குழியாகச் சொன்னேன். அஞ்சு, நாலு, ஆறு, அஞ்சு, அஞ்சு, ஆறு, அஞ்சு. முப்பத்தாறுங்க தொரை. ரெண்டு பேருக்கும் சமங்க.

யாரையும் குற்றம் சொல்லுகிறோம் என்று எனக்குத் தெரியாது, மச்சான். அது சாமி சத்தியம். அசைந்தது தன் கண்ணுக்குப் படாமல் துரை விட்டிருப்பார், சொன்னால் ஆமாம் என்பார் என்றே நினைத்தேன். நம் இருளாண்டி எத்தனை முறை அப்படித் தலையைச் சொறிந்துகொண்டு ஒன்று கூட்டியிருக்கிறான்.

 ஆறாம் குழியில் ஏன் ஆறு என்று பெரிய துரை மெதுவாகக் கேட்டார். கோல் வைத்ததும் பந்து அசைந்தது என்றேன். அவர் முகம் சிவக்கவில்லை, சத்தம் போடவில்லை. உன் பக்கம் திரும்பி, நீ பார்த்தாயா என்று மட்டும் கேட்டார்.

நீ தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்: "இல்லீங்க தொரை. பந்து அசையல. அஞ்சுதாங்க."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இவன் நெழலப் பாத்திருப்பாங்க" என்றாய். துரைமார் சிரித்தார்கள். யாரோ அதை இங்கிலீஷில் சொல்ல, புரியாதவர்களும் சிரித்தார்கள். பதுளைத் துரை மட்டும் சிரிக்காமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பெரிய துரையின் கையைக் குலுக்கினார்.

நான் கொடியோடு நின்ற வீரமலையைப் பார்த்தேன். அவன் கம்பில் ஒட்டின மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவனை ஒருவரும் கேட்கவில்லை.

மறு வாரம் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, என் பெயரைக் கூப்பிட்டுக் கான் வெட்டுக்குப் போகச் சொன்னார்கள். பத்தனைப் பக்கம் வரக் கூடாது என்று கணக்கப்பிள்ளை சொன்னார். அதற்கு அடுத்த மாதம் உனக்குக் கங்காணி வேலை. தலைப்பாகை கட்டிக்கொண்டு நீ பெரட்டுக் களத்தில் வந்து நின்ற அன்று எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். நீ என் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தாய்.

அதன் பிறகு நீ சவுக்கு மரத்தடிக்கு வரவில்லை. நானும் போகவில்லை. ஒரே ஒரு ஞாயிறு போனேன். இருளாண்டியின் தம்பி தன் ஆட்டத்தைச் சொல்லி முடித்துவிட்டு, பழக்கத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான், எத்தனை என்று. நான் வாயைத் திறப்பதற்குள் புதிதாக வந்த ஒருவன், "அவர்கிட்ட கேக்காத, நெழலையும் சேத்து எண்ணிருவாரு" என்றான். அவன் மேல் தப்பில்லை. அவன் கேட்டதைச் சொன்னான். நான் எழுந்து வந்துவிட்டேன்.

இதுவரைக்கும் நடந்ததை நான் விளங்கிக்கொண்டேன், மச்சான். உண்மையைச் சொல்லுகிறேன். உனக்கு நாலு பிள்ளை, உன் வீட்டுக்காரிக்கு அப்போது உடம்புக்கு முடியாது. துரை முன்னால் நிற்க வைத்துக் கேட்டால் என்ன செய்வாய்? ஆறு என்று சொல்லியிருந்தால் நீயும் என்னோடு கான் வெட்டியிருப்பாய். கான் வெட்டிக்கொண்டே இதையெல்லாம் நினைத்து நினைத்து, மூன்று வருஷத்தில் பாதி மன்னித்தும் விட்டேன்.

பிறகுதான் அங்கம்மா சங்கதி வந்தது.

அங்கம்மா கடைசி லயத்தில் இருந்தவள், புருஷனை இழந்தவள். லயத்துக்குப் பின்னால் போஞ்சியும் பூசணியும் போட்டு வைத்திருந்தாள். அந்தப் பெரிய மழையில் மண் சரிந்து எல்லைக் கல் கீழே உருண்டு போனது. பக்கத்து வீட்டுக்காரன் அதைத் தூக்கித் தனக்குத் தோதான இடத்தில் நட்டுக்கொண்டான். பாதித் தோட்டம் அவன் பக்கம் போய்விட்டது. அங்கம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கல் கொய்யாக் கட்டையின் அடியில் இருந்தது எனக்குத் தெரியும். அந்தக் கட்டையே என் கையால் வெட்டினது. வந்து சொல்லுகிறேன் என்றேன்.

பெரட்டுக் களத்தில் வாங்கு போட்டு நீ உட்கார்ந்திருந்தாய். இரண்டு லயத்து ஆட்களும் கூடி நின்றார்கள். நான் முன்னால் வந்து, கங்காணியாரே, கல் கொய்யாக் கட்டையடியில் இருந்ததுங்க, நீங்களும் அந்த வழியாப் போயிருக்கீங்க என்றேன். உன்னை நிமிர்ந்து பார்த்துத்தான் சொன்னேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக உன் கண் என் கண்ணில் பட்டது. ஒரு நொடி நீ என் மச்சானாக இருந்தாய். நான் தப்பாகப் பார்க்கவில்லை.

பிறகு நீ கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தாய். "மாரிமுத்து சாட்சியா? தொரை முன்னாலயே நெழல எண்ணுன ஆளாச்சே" என்றாய். எல்லோரும் சிரித்தார்கள். நட்ட கல் நட்ட இடத்திலேயே இருக்கட்டும் என்று முடித்துவிட்டாய்.

அங்கே எந்தத் துரையும் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கவில்லையே, மச்சான். யாரும் உன் வேலையைப் பிடுங்கியிருக்க மாட்டார்கள். கொட்டகையில் சொன்னதை ஒரு முறை காப்பாற்றிவிட்டால் பிறகு எப்போதும் அதைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது என்பதுதான் காரணமா? அல்லது என்னை அப்படியே வைத்திருந்தால்தான் உன் அஞ்சு அஞ்சாக இருக்கும் என்றா? அங்கம்மா என்னைத் திட்டவில்லை. போகும்போது, "நீங்க வராம இருந்திருந்தா வேற யாராச்சும் சொல்லியிருப்பாங்க அண்ணே" என்றாள். அந்த வருஷமே ஊருக்குக் கப்பல் ஏறிவிட்டாள். அவள் சொன்னதில் மெய் இருந்தது. என் வாயில் வந்ததாலேயே மெய் பொய்யாகிப் போனது. அன்றோடு எதையும் யாருக்கும் சொல்லுகிறதை விட்டேன். கேட்டால் ஞாபகமில்லை என்று சொல்லப் பழகினேன். நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.

வருஷம் ஓடிற்று. பெரிய துரை சீமைக்குப் போனார், வேறு துரை வந்தார். பதுளைக்கு ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்று இளவட்டங்கள் போனார்கள். நீ தடியூன்றி நடக்கத் தொடங்கினாய். பிறகு நடக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் உன் மூத்த மகன் வந்து கூப்பிட்டான். அப்பா உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார் மாமா என்றான். மத்தியானம் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தபோது வந்தேன். உன் கங்காணி வீட்டுக்குள் நான் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தாய். மகனை வெளியே போகச் சொன்னாய். "கதவச் சாத்து மச்சான்" என்றாய். பதினாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை.

கொஞ்ச நேரம் இருமினாய். பிறகு சொல்லத் தொடங்கினாய். முதல் குழி, துரை எங்கிருந்து அடித்தார், காற்று எந்தப் பக்கம், எந்தப் புதரில் பந்து தொலைந்து தேடினோம். இரண்டாம் குழி. மூன்றாம் குழி. ஒரு அடி விடாமல், அந்தக் காலத்தில் சொன்னது போலவே. நீயும் ஒன்றையும் மறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆறாம் குழிக்கு வந்து நின்றாய். மேல் கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய்.

"ஆறுதான் மச்சான். நானும் பாத்தேன்."

 கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். வெளியே உன் பிள்ளைகள் பேசிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவர்களைக் கூப்பிடட்டுமா, வீரமலையையும் வரச் சொல்லட்டுமா, இதையே அவர்கள் முன்னால் ஒரு தடவை சொல்லு, அது போதும் என்றேன். கெஞ்சித்தான் கேட்டேன்.

நீ கண்ணை மூடிக்கொண்டாய். "உனக்குத் தெரிஞ்சாப் போதாதா?"

"எனக்கு அன்னைக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட இல்ல நீ சொல்லணும்."

"புள்ளைங்க முன்னால என்னைய ஏன் மச்சான் எறக்குற" என்றாய். என் கையைத் தேடி உன் கை போர்வைக்கு வெளியே வந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே எழுந்தேன். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். என்ன மாமா சொன்னார் என்று உன் மகன் கேட்டான். பழைய விளையாட்டுக் கதை என்றேன். நாலாம் நாள் நீ போய்விட்டாய்.

உன்னை அடக்கம் பண்ணிவிட்டு ஓடையில் கால் கழுவும்போது வீரமலை என் பக்கத்தில் வந்து குந்தினான். பல் எல்லாம் போய்விட்டது, பேச்சு மட்டும் போகவில்லை. கடைசியாக உன்னை வரச் சொன்னானாமே, என்னத்துக்கு என்றான். நான் காலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அந்த ஆறாங் குழியா?" என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"அது ஆறுன்னு எனக்குத் தெரியாதா? கொடியப் புடிச்சிக்கிட்டு அங்கனதான நின்னேன். எருளாண்டிக்கும் தெரியும், நான்தான் சொன்னேன். அவன் தம்பிக்கும் தெரியும். அவங்க சொல்லி லயத்துல பாதிப் பேருக்குத் தெரியும்."

ஏன்டா சொல்லவில்லை என்றேன். 

"என்னையக் கேக்கலியே" என்றான். வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தான்.

நான் அந்த ஓடையில் வெகு நேரம் நின்றேன், மச்சான். பதினாலு வருஷமாக உன் ஒருத்தன் தலையில் ஏற்றி வைத்திருந்த பாரம் அது. லயத்தில் இருக்கிற ஒவ்வொருவனுக்கும் அதில் பங்கிருந்திருக்கிறது. என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் பாதிப் பேர் தெரிந்துதான் சிரித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் சாகும்போதுகூட என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. நீ சொன்னாய்.

இதனால் உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதச் சொல்லவில்லை. எழுதுகிறவர் அந்த வார்த்தையைப் போடட்டுமா என்று இப்போதுதான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

போன ஞாயிறு நான் சவுக்கு மரத்தடிக்குப் போனேன். இப்போது பை தூக்குகிறவர்கள் எல்லாம் நம் பிள்ளைகள் வயதுக்காரர்கள், உன் இளையவனும் அதில் ஒருத்தன். ஒவ்வொருவனாக அந்த வாரத்து ஆட்டத்தைச் சொன்னான். உருட்டுவதில் இன்னும் அதே சண்டை. எல்லோரும் முடித்த பிறகு நான் ஒன்று சொல்லட்டுமா என்றேன். வீரமலை நகர்ந்து இடம் விட்டான்.

அந்தக் கடைசி ஆட்டத்தைச் சொன்னேன். முதல் குழியிலிருந்து. பெரிய துரை எப்படி நின்றார், காற்று எப்படி அடித்தது, யார் எங்கே நின்றோம் என்று. ஆறாம் குழிக்கு வந்தேன். கோல் வைத்தார், பந்து அசைந்தது, ஆறு அடி என்றேன்.

"ஆமா, ஆறுதான்" என்றான் வீரமலை, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லுகிற மாதிரி. உன் இளையவன் தலையை ஆட்டினான். அடுத்த குழியில் என்ன மாமா என்று ஒருத்தன் கேட்டான்.

அவ்வளவுதான், மச்சான். அவ்வளவு சுலபமாக இருந்தது. நீ பயந்த எதுவும் நடக்கவில்லை. உன் மகன் உன்னை ஏளனமாக நினைத்ததாக அவன் முகத்தில் தெரியவில்லை. இப்படி ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும் ஒன்றுக்கு நீ பதினாலு வருஷம் என்னை விட்டு விலகி நடந்தாய். நான் அங்கம்மாவின் எல்லைக் கல்லை மனசில் சுமந்துகொண்டு நடந்தேன்.

அந்த ஞாயிற்றுக்குப் பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது உன் ஆறும் இல்லை, அஞ்சும் இல்லை. போர்வைக்கு வெளியே வந்த உன் கைதான். எத்தனையோ வருஷத்து ஆட்டம், எத்தனையோ பேர் பிறந்த நாள், எந்த மழைக்கு எந்தப் பாதை என்று எல்லாவற்றையும் கேட்டால் சொல்லிவிடுவேன். அந்தக் கையைப் பிடித்திருக்க வேண்டுமா, விட்டு வந்தது சரியா என்று கேட்டால் மட்டும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் மச்சான்,
மாரிமுத்து